மூன்று மணிக்கு அலாரம் வைக்கிறவர்கள்

கேட்ட கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்கள் அக்கா மகள் அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவள், கல்லூரிப் படிப்பு முடியப்போகிறது, அங்குள்ள கிறிஸ்தவ எஃப்எம் நிலையம் ஒன்றில் காலை நிகழ்ச்சி நடத்த வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். "இது ஊழியமா, உத்தியோகமா? இதை நம்பி வாழ முடியுமா?" என்று அக்கா உங்களிடம் கேட்கிறார்.

நான் மைக் முன்னால் உட்கார்ந்தவன் இல்லை. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு சிறிய கிறிஸ்தவ நிலையத்தில் ஆறு வருடம் போர்டு ஆபரேட்டராக இருந்தேன். பாட்டை ஓட்டுவது, தொலைபேசி அழைப்பை எடுப்பது, குரலைப் பதிவு செய்து வெட்டி ஒட்டுவது என் வேலை. அந்த ஆறு வருடத்தில் மூன்று காலைத் தொகுப்பாளர்கள் வந்து போனார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்ததால், அவர்கள் மைக் அணைந்த பிறகு எப்படி இருப்பார்கள் என்பதும் கொஞ்சம் தெரியும். அந்த அளவில்தான் பதில் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம்மில் நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கிறிஸ்தவ வானொலி என்றால் சிற்றலையும் மத்திய அலையும்தான். கரகரப்புக்கு நடுவே இலங்கையிலிருந்து டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோ, மணிலாவிலிருந்து வேரித்தாஸ், ரோமிலிருந்து வத்திக்கான் வானொலி. ஒரு பாட்டு, ஒரு தேவசெய்தி, ஒரு ஜெபம், கடைசியில் கடிதம் எழுத முகவரி. இந்தியாவில் தனியார் எஃப்எம் உரிமம் மத அமைப்புகளுக்குத் தரப்படுவதில்லை. அதனால் நாள் முழுக்க ஓடும் கிறிஸ்தவ எஃப்எம்மை அங்கே நாம் கேட்டதே கிடையாது. அமெரிக்காவில் கதை வேறு. எஃப்எம்மில் 88 முதல் 92 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை லாப நோக்கமற்ற ஒலிபரப்புக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். கல்லூரி வானொலி, பொது வானொலி இவற்றோடு கிறிஸ்தவ நிலையங்களும் அங்கே நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும்.

அதிலும் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று பிரசங்க நிலையம். அரை மணி அரை மணியாக நேரத்தைப் போதகர்களுக்கும் ஊழிய அமைப்புகளுக்கும் விற்றுப் பிழைப்பது. அங்கே தொகுப்பாளருக்குப் பெரிய வேலை இல்லை. ஜே. வெர்னன் மெக்கீ என்ற போதகர் 1988இல் இறந்துவிட்டார். அவருடைய வேதாகம வகுப்பு இன்றைக்கும் தினமும் ஒலிபரப்பாகிறது. ஒலிநாடா இருந்தால் போதும், ஆள் உயிரோடு இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லாத வகை அது. இன்னொன்று பாட்டு நிலையம். நவீன கிறிஸ்தவப் பாட்டுகள், நடுநடுவே பேச்சு. உங்கள் அக்கா மகள் ஆசைப்படுவது இந்த இரண்டாவதாகத்தான் இருக்கும். காலை ஆறிலிருந்து பத்து வரை, ஜனங்கள் காரில் வேலைக்கும் பள்ளிக்கும் போகிற நேரம். அந்த நான்கு மணி நேரத்துக்குத்தான் நிலையத்தின் பாதி மானம் மரியாதை.

கொஞ்சம் பழைய கதை சொல்லவேண்டும். அவசரம் என்றால் இதைத் தாண்டிப் போங்கள், ஆனால் எனக்குப் பிடித்த பகுதி இது.

பிட்ஸ்பர்க் நகரின் கேடிகேஏ நிலையம் 1920 நவம்பரில் ஒலிபரப்பைத் தொடங்கியது. இரண்டே மாதத்தில், 1921 ஜனவரி 2ஆம் தேதி, கால்வரி எபிஸ்கோப்பல் சபையின் ஞாயிறு மாலை ஆராதனையை நேரடியாக ஒலிபரப்பினார்கள். மூத்த குருவானவருக்கு இதில் நம்பிக்கை இல்லாததால் இளைய குருவைப் பேச விட்டுவிட்டார். கருவியை இயக்க வந்த இரண்டு பேரில் ஒருவர் யூதர், ஒருவர் கத்தோலிக்கர். சபையார் கவனம் சிதறக் கூடாது என்று இருவருக்கும் பாடகர் குழுவின் அங்கியை மாட்டி உட்கார வைத்தார்களாம். என் தொழிலின் முன்னோர்கள் இவர்கள் என்று அடிக்கடி சொல்லிக்கொள்வேன்.

காலைத் தொகுப்பாளர்களுக்கு முன்னோர் யார் என்று கேட்டால் நான் ஏமி செம்பிள் மெக்பெர்சன் என்பேன். லாஸ் ஏஞ்சலஸில் ஏஞ்சலஸ் டெம்பிள் என்ற பெரிய ஆலயத்தைக் கட்டி, 1924 பிப்ரவரியில் கேஎஃப்எஸ்ஜி என்ற சொந்த வானொலி நிலையத்தையும் தொடங்கிய பெந்தெகொஸ்தே பெண் பிரசங்கியார். ஊரில் இருக்கும் நாட்களில் காலை ஏழு மணிக்கு மைக் முன்னால் வந்து உட்கார்ந்து, அப்போதுதான் எழுந்திருக்கும் ஜனங்களோடு பேசுவார். பிரசங்க மேடைக் குரல் வேறு, அந்த நேரத்துக் குரல் வேறு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அலைவரிசையை விட்டு நிலையம் அப்படி இப்படி நகர்ந்ததாக அரசாங்கம் பிடித்தபோது, அப்போது வர்த்தகச் செயலராக இருந்த ஹெர்பர்ட் ஹூவருக்கு ஒரு தந்தி அடித்து, அவருடைய ஆட்களைச் சாத்தானின் கையாட்கள் என்றே குறிப்பிட்டதாக ஹூவர் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

1926 மே 18 அன்று கடற்கரைக்குப் போன ஏமி காணாமல் போனார். கடலில் மூழ்கிவிட்டார் என்று எல்லோரும் அழுதார்கள். ஐந்து வாரம் கழித்து மெக்சிகோ எல்லை ஊரான அகுவா பிரியெத்தாவில் தோன்றி, தன்னைக் கடத்திவிட்டார்கள் என்றார். பத்திரிகைகள் நம்பவில்லை. அவருடைய முன்னாள் வானொலிப் பொறியாளரோடு சேர்த்துப் பேசின. வழக்கு வந்தது, 1927 ஜனவரியில் கைவிடப்பட்டது. உண்மை என்ன என்பது இன்றுவரை வாதம்தான். இதை ஏன் இழுக்கிறேன் என்றால், தினமும் காலையில் வீட்டுக்குள் வருகிற குரலின் சொந்த வாழ்க்கை கேட்பவர்களுக்கும் சொந்தமாகிவிடும் என்பது முதல் தலைமுறையிலேயே தெரிந்துபோனது. இந்த வேலையைப் பற்றி நான் சொல்லப்போகிற முக்கியமான விஷயமும் அதுதான்.

சரி, இன்றைய நாளுக்கு வருவோம்.

மூன்று, மூன்றரைக்கு அலாரம். நாலரைக்கு நிலையத்தில் இருக்க வேண்டும். ஐந்தரை வரை அன்றைய பேச்சுக்குத் தயாரிப்பு. அதை ஷோ பிரெப் என்பார்கள். ஆறு மணிக்கு மைக் திறக்கும். பத்து மணிக்கு மூடினாலும் வேலை முடியாது. மறுநாளுக்கான முன்னோட்டக் குரல் பதிவு, ஸ்பான்சர் வாசகங்கள், பேட்டி, சமூக ஊடகத்துக்கு இரண்டு வீடியோ, நிகழ்ச்சி இயக்குநரோடு உட்கார்ந்து அன்றைய பதிவைக் கேட்டுக் குறை கண்டுபிடிக்கும் கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு ஏர்செக் என்று பெயர். நான் பார்த்த மூவரில் இரண்டு பேர் அதிலிருந்து சிவந்த முகத்தோடுதான் வெளியே வருவார்கள். மதியம் வீட்டுக்குப் போய் ஒரு குட்டித் தூக்கம். இரவு எட்டு மணிக்குப் படுத்தால்தான் மறுநாள் ஓடும். அமெரிக்காவில் பல சபைகளுக்குப் புதன்கிழமை இரவுதான் வாராந்திர ஜெபக்கூட்டம். ஊருக்கெல்லாம் சபைக்குப் போங்கள் என்று சொல்கிறவர் அதற்குப் போகவே முடியாது. இதைச் சொல்லி அவர்களே சிரிப்பார்கள், ஆனால் அந்தச் சிரிப்பில் கொஞ்சம் வருத்தமும் இருக்கும்.

பாட்டை யார் தேர்ந்தெடுப்பது என்று நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் கேட்பார்கள். தொகுப்பாளர் இல்லை. இசை இயக்குநர் மென்பொருளில் பட்டியல் போட்டு வைத்திருப்பார். புதிதாகப் பிரபலமான பாட்டு ஒரே நாளில் ஐந்தாறு முறை வரும். தொகுப்பாளர் அதே பாட்டை அதே உற்சாகத்தோடு அறிமுகப்படுத்த வேண்டும். பிடிக்கவில்லை என்று முகம் சுளித்தால் அது குரலில் தெரிந்துவிடும்.

ஆக, நான்கு மணி நேர நிகழ்ச்சியில் அவருடைய சொந்தப் பொருள் பேச்சு மட்டும்தான். அதையும் அளந்துதான் கொடுப்பார்கள். பாட்டுகளுக்கு நடுவே பேசும் துண்டுக்கு அங்கே பிரேக் என்று பெயர் (நமக்கு பிரேக் என்றால் விளம்பரம், அவர்களுக்கு அதுதான் பேச்சு). ஒரு பிரேக் நாற்பது விநாடியிலிருந்து இரண்டு நிமிடம். ஒரு பிரேக்கில் ஒரு விஷயம்தான். இந்தக் கறார் முன்பு இவ்வளவு இல்லை. முன்பெல்லாம் என்ன கேட்டோம் என்பதைக் கேட்பவர்கள் ஒரு குறிப்பேட்டில் எழுதி அனுப்புவார்கள். 2007 முதல் பெரிய நகரங்களில் பிபிஎம் என்ற சிறு கருவி வந்தது. ஒலிபரப்பில் காதுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் குறியீட்டை அது தானாகப் பிடித்து, யார் எந்த நிமிடம் நிலையத்தை மாற்றினார்கள் என்று காட்டிவிடும். ஜனங்கள் சில நிமிடங்கள்தான் தொடர்ந்து கேட்கிறார்கள், நீளமாகப் பேசினால் தாவிவிடுகிறார்கள் என்று அதில் தெரிந்தது. அன்றிலிருந்து "சுருக்கு, சுருக்கு" என்பதுதான் மந்திரம்.

நாற்பது விநாடியில் என்ன பேச முடியும்? இங்கேதான் புதிதாக வருகிற பிள்ளைகள் தடுமாறுவார்கள். ஓய்வுநாள் பள்ளியில் வசனம் சொல்லிப் பரிசு வாங்கி வளர்ந்த பிள்ளை, மைக் கிடைத்ததும் பிரசங்கம் பண்ணத் தொடங்கிவிடும். அது எடுபடாது. காரில் போகிறவளுக்குப் பின்சீட்டில் இரண்டு குழந்தைகள் சண்டை போடுகின்றன, ஒன்று ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டது, அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது. அவளிடம் ரோமர் நிருபத்துக்கு விளக்கவுரை சொல்ல முடியாது. "எங்கள் வீட்டிலும் இன்றைக்கு ஒரு ஷூ காணோம்" என்று தொடங்கித்தான் அவள் பக்கத்தில் போய் உட்கார முடியும்.

அந்த 'அவள்' சும்மா உதாரணத்துக்குச் சொன்னதில்லை. கிறிஸ்தவப் பாட்டு வானொலித் துறையில் அவளுக்குப் பெயரே உண்டு, பெக்கி. முப்பதுகளின் கடைசியில் இருக்கும், திருமணமான, பிள்ளைகள் உள்ள பெண். நிலையத்தில் எந்த முடிவு எடுத்தாலும் "பெக்கிக்குப் பிடிக்குமா?" என்று கேட்பார்கள். பாட்டு, நகைச்சுவை, பேட்டி எல்லாம் அவளுக்காகத்தான். பெக்கிக்குப் பிள்ளைகளோடு கேட்கப் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பதால் குடும்பத்தோடு கேட்கலாம், நம்பிக்கை தரும் வானொலி என்ற மாதிரியான வாசகங்களைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். இதனால் துறையே ஒரே மாதிரி சர்க்கரைப் பாகாக ஆகிவிட்டது என்ற குறை உள்ளேயே உண்டு. எனக்கும் அந்தக் குறை உண்டு. எல்லாத் தொகுப்பாளர்களும் பொங்கி வழியும் உற்சாகத்தோடுதான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஏர்1 என்ற கிறிஸ்தவப் பாட்டு வானொலியில் காலை நிகழ்ச்சி நடத்திய பிராண்ட் ஹேன்சன் தனக்கு ஆட்டிசத்தைச் சேர்ந்த ஆஸ்பெர்கர் நிலை இருப்பதை வெளிப்படையாகச் சொன்னவர். கூட்டத்தில் ஒட்டாதவன், ஆராதனையில் கை உயர்த்தி உருகத் தெரியாதவன் என்று தன்னைப் பற்றிப் பேசியே ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டார்.

ஆக, பேசுவதற்குச் சரக்கு எங்கிருந்து வரும்? செய்தியிலிருந்து வராது, அரசியல் பேச முடியாது. உபதேசத்திலிருந்தும் வராது. கேட்பவர்களில் பாப்டிஸ்ட் உண்டு, பெந்தெகொஸ்தே உண்டு, கத்தோலிக்கர் உண்டு, சபைக்கே போகாமல் பாட்டுக்காகக் கேட்பவர்களும் உண்டு. ஞானஸ்நானம் தெளிப்பதா மூழ்குவதா, அந்நிய பாஷை இன்றைக்கும் உண்டா, இரகசிய வருகை எப்போது என்று வாயைத் திறந்தால் ஒரு பக்கத்துக் காணிக்கை நின்றுவிடும். போதகரைப் போலத் தோன்ற வேண்டும், ஆனால் போதகர்கள் சண்டை போடும் எந்த விஷயத்தையும் தொடக் கூடாது.

மிச்சம் என்ன? சொந்த வாழ்க்கை. அதுதான் தினசரி மூலப்பொருள். கணவன், மனைவி, பிள்ளை, நாய், மாமியார், உடைந்த குளிர்சாதனப் பெட்டி, மருத்துவமனைக் காத்திருப்பு, இரவு வந்த பயம், அதில் வந்த ஒரு வசனம். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்குப் பத்துப் பதினைந்து பிரேக். வருடக் கணக்கில் போட்டுப் பாருங்கள், ஒரு மனிதனுக்கு அவ்வளவு வாழ்க்கை நடக்காது. அதனால் நடக்கிற ஒவ்வொன்றும் நடக்கும்போதே 'இதைத் திங்கட்கிழமை சொல்லலாம்' என்று ஆகிவிடும். எங்கள் முதல் தொகுப்பாளரின் மகளுக்குப் பதின்மூன்று வயதானதும் ஒரு ஒப்பந்தம் போட்டாள். தன்னைப் பற்றி வானொலியில் சொல்லும் ஒவ்வொரு முறைக்கும் அப்பா ஐந்து டாலர் தர வேண்டும், முதலில் அனுமதி கேட்க வேண்டும். அவர் இதையும் ஒரு பிரேக்காகச் சொல்லிவிட்டார். சாயங்காலம் ஐந்து டாலர் கொடுத்தார்.

இதில் நல்ல பக்கமும் இருக்கிறது, இல்லை என்று சொன்னால் பொய். அதே மனிதரும் அவர் மனைவியும் ஒரு குழந்தையைக் கருவிலேயே இழந்தார்கள். நான்கு நாள் விடுப்புக்குப் பிறகு வந்து, எழுதி வைக்காமல் ஒரு நிமிடம் பேசினார். குரல் உடைந்தது, நான்தான் பாட்டைத் திறந்தேன். அடுத்த இரண்டு மணி நேரம் தொலைபேசி விளக்குகள் அணையவே இல்லை. முப்பது வருடத்துக்கு முன் இழந்த குழந்தையின் பெயரை யாரிடமும் சொன்னதில்லை என்று ஒரு மூதாட்டி அழைத்து, அந்தப் பெயரை என்னிடம் சொன்னார். நான் அழைப்பெடுக்கும் பையன்தான். காகிதத்தில் எழுதிவைத்துக்கொண்டேன், என்ன செய்வதென்று தெரியவில்லை.

தொலைபேசியைப் பற்றி அக்காவுக்கு அவசியம் சொல்லுங்கள். பாட்டு கேட்க அழைப்பவர்கள் கொஞ்சம்பேர், ஜெபிக்கச் சொல்லி அழைப்பவர்கள் அதிகம். புற்றுநோய், விவாகரத்து, போதைக்குப் போன மகன், வேலை போன தகப்பன். பல நிலையங்களைச் சேர்த்து நடத்தும் பெரிய வலையமைப்புகளில் இதற்கென்றே போதகர்கள் சம்பளத்தில் இருக்கிறார்கள். சிறு நிலையத்தில் பாட்டு ஓடும் மூன்றரை நிமிடத்துக்குள் தொகுப்பாளரே ஜெபித்துவிட்டு, மைக் திறந்ததும் வானிலை சொல்ல வேண்டும். தற்கொலை எண்ணத்தோடு அழைப்பவர்களும் வருவார்கள். 2022 ஜூலையிலிருந்து அமெரிக்கா முழுக்க 988 என்ற மூன்று இலக்க நெருக்கடி உதவி எண் இருக்கிறது, அதை மைக் பக்கத்திலேயே ஒட்டி வைத்திருப்பார்கள். ஆனால் ஆளை அங்கே இணைத்துவிட்டு உடனே சிரித்த குரலுக்கு மாறுவது பயிற்சி இல்லாதவருக்கு லேசில் வராது. இதற்குப் பயிற்சி தரும் நிலையமா என்று அவள் நேர்முகத்திலேயே கேட்கலாம்.

இனி பணம். லாப நோக்கமற்ற உரிமம் என்றால் விளம்பரம் கூடாது. ஆதரவு தருபவரின் பெயர், முகவரி, என்ன தொழில் என்று சொல்லலாம். மலிவு, சிறந்தது, இன்றே வாருங்கள், விலை இவ்வளவு என்று எதையும் சொல்லக் கூடாது. சொன்னால் எஃப்சிசி என்ற ஒலிபரப்பு ஆணையம் அபராதம் போடும். நம் ஆட்கள் வாய் தவறி "அருமையான பல் மருத்துவர்" என்று சொல்லிவிடுவார்கள், 'அருமையான' என்பதை வெட்டுவது என் வேலை. எனவே செலவுக்குப் பெரும்பாலும் கேட்பவர்களின் காணிக்கைதான். வருடத்தில் ஓரிரு முறை சில நாட்கள் தொடர்ந்து நடக்கும் நிதி திரட்டலுக்கு ஷேரத்தான் என்று பெயர். பாட்டு குறைந்து பேச்சு கூடும். மாதா மாதம் கொடுப்பவர்களைச் சேர்ப்பதுதான் குறி. "அடுத்த ஒரு மணி நேரத்தில் கொடுக்கும் ஒவ்வொரு டாலருக்கும் இன்னொருவர் ஒரு டாலர் சேர்ப்பார்" என்று சொல்லும்போது தொலைபேசி எகிறும்.

காலைத் தொகுப்பாளரின் உண்மையான மதிப்பு அந்த நாட்களில்தான் தெரியும். வருடம் முழுக்கச் சொன்ன ஷூ கதையும் நாய்க் கதையும் அன்றைக்குக் காணிக்கையாகத் திரும்பி வரும். இதைக் கொச்சையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். தாங்கள் நம்பாத ஒருவருக்கு யாரும் கொடுப்பதில்லை. ஆனால் தன் துக்கத்தைச் சொன்ன அதே வாயால் பணமும் கேட்கவேண்டும் என்பது சிலரை உள்ளுக்குள் அரிக்கும். எங்கள் இரண்டாவது தொகுப்பாளர் ஒரு ஷேரத்தான் முடிந்த அன்றைக்குத்தான் ராஜினாமா எழுதினார். இந்த நம்பிக்கை தவறான கையில் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஃபேமிலி ரேடியோ என்ற கிறிஸ்தவ வானொலியின் ஹெரால்ட் கேம்பிங் உதாரணம். 2011 மே 21 அன்று நியாயத்தீர்ப்பு நாள் என்று அவர் அறிவித்தார், பல வருடமாக அவர் குரலைக் கேட்டவர்கள் சேமிப்பைச் செலவழித்து அதைப் பரப்பினார்கள். அவர் காலை நிகழ்ச்சிக்காரர் இல்லைதான், ஆனாலும் தினமும் கேட்கும் குரலின் மீது ஜனங்கள் வைக்கும் நம்பிக்கை எல்லாருக்கும் ஒன்றுதான்.

சம்பளம் ஊரைப் பொறுத்தது. சிறு ஊரில் தொடக்கச் சம்பளம் பள்ளி ஆசிரியருக்கும் கீழே, பல சமயம் பகுதி நேரம். பெரிய நகரத்தில், பெரிய வலையமைப்பில் கௌரவமான சம்பளம் கிடைக்கும். தோராயமாகத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. லாப நோக்கமற்ற அமைப்புகள் வருமான வரித்துறைக்குக் கொடுக்கும் 990 படிவம் பொதுவில் கிடைக்கும், அதில் அதிகச் சம்பளம் வாங்குபவர்களின் பெயரும் தொகையும் இருக்கும். சபையே நடத்தும் நிலையமாக இருந்தால் அந்தப் படிவம் இல்லாமல் போகலாம். விண்ணப்பிக்கும் முன் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வேலைக்குச் சேரும்போது விசுவாச அறிக்கையில் கையெழுத்து வாங்குவார்கள். சட்டப்படி சரிதான், மத ஒலிபரப்பு நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்கு மத நம்பிக்கையைத் தகுதியாக வைக்க எஃப்சிசி விதியே அனுமதிக்கிறது. இதற்குப் பின்னால் ஒரு பழைய வழக்கும் உண்டு, மிசௌரியில் லூத்தரன் சபை நடத்தும் கேஎஃப்யூஓ நிலையத்தினுடையது, 1998இல் தீர்ப்பு வந்தது. சில இடங்களில் நடத்தை ஒப்பந்தமும் சேர்ந்து வரும். மது, திருமணம், சமூக ஊடகப் பதிவு எல்லாம் அதில் அடக்கம். நான் முன்பு சொன்ன அந்த முதல் தொகுப்பாளர், குழந்தையை இழந்தவர், நான்கு வருடம் கழித்து மனைவியைப் பிரிந்தார். அதை மட்டும் அவர் பிரேக்கில் சொல்ல முடியவில்லை. ஏழெட்டு மாதம் வீட்டில் எல்லாரும் சுகம் என்பதுபோலப் பேசினார், மகளைப் பற்றிய பழைய கதைகளைத் திருப்பிப் போட்டுச் சொன்னார். நிர்வாகத்துக்குத் தெரிந்ததும் ஒரு வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. விடைபெற ஒரு பிரேக்கூடக் கொடுக்கவில்லை. வானொலியில் அது எங்கேயும் வழக்கம்தான், கோபத்தில் ஏதாவது சொல்லிவிடுவார்கள் என்று பயம். திங்கட்கிழமை வேறு குரல் வந்தது. உடம்பு சரியில்லையா, ஜெபித்துக்கொள்கிறோம் என்று மூன்று வாரம் அழைப்புகள் வந்தன. என்ன சொல்ல வேண்டும் என்று எங்களுக்கு ஒரு வாக்கியம் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள்.

இன்னொரு பெரிய விஷயம், உள்ளூர்க் காலை நிகழ்ச்சி என்பதே குறைந்துகொண்டு வருகிறது. 1982இல் கலிஃபோர்னியாவின் சாண்டா ரோசாவில் ஒரே நிலையமாகத் தொடங்கிய அமைப்புதான் இன்றைய கே-லவ். செயற்கைக்கோள் வழியாக ஒரே நிகழ்ச்சியை நாடு முழுக்க நூற்றுக்கணக்கான அலைவரிசைகளில் விடுகிறார்கள். அதை நடத்தும் எஜுகேஷனல் மீடியா ஃபவுண்டேஷன், நியூயார்க்கின் புகழ்பெற்ற டபிள்யூபிஎல்ஜே நிலையத்தை வேறு ஐந்து நிலையங்களோடு சேர்த்து 10.35 கோடி டாலருக்கு வாங்கி, 2019 மே 31 அன்று கே-லவ்வாக மாற்றியது. சேலம் மீடியா நிறுவனம் 'தி ஃபிஷ்' போன்ற பெயர்களில் அட்லாண்டா, லாஸ் ஏஞ்சலஸ் போன்ற நகரங்களில் நடத்திவந்த பாட்டு நிலையங்களும் 8 கோடி டாலருக்கு அதே அமைப்புக்கு 2025 தொடக்கத்தில் போய்விட்டன. பாட்டு நிற்கவில்லை, குரல்கள் நின்றன. ஒரு நகரத்தில் பாலம் மூடியிருக்கிறது, பள்ளிக்குப் பனி விடுமுறை என்று சொல்ல ஒருவர் இருந்த இடத்தில், பல மாநிலங்களுக்குப் பொதுவான ஒருவர் பேசுகிறார். வாழ்க்கைப்பாடு என்று பார்த்தால், நாடு முழுக்க இப்படிப்பட்ட வேலை பெரிய எண்ணிக்கையில் இல்லை, இருப்பதும் சில அமைப்புகளின் கையில் குவிகிறது. வேலையை விட நேர்ந்தால் அதே ஊரின் போட்டி நிலையத்தில் உடனே சேரக் கூடாது என்ற நிபந்தனையும் ஒப்பந்தத்தில் இருக்கலாம், படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஊழியமா உத்தியோகமா என்ற கேள்விக்கு என் பதில், மாதச் சம்பளமும் மருத்துவக் காப்பீடும் வாங்கும் உத்தியோகம் என்று நினைத்துச் சேர்வது நல்லது. ஊழியம் என்று மட்டும் நினைத்துச் சேர்கிறவர்களிடம்தான் குறைந்த சம்பளத்துக்கு அதிக வேலை வாங்குகிறார்கள். அந்த மூதாட்டியின் அழைப்பு மாதிரி வருகிறவை எந்த ஒப்பந்தத்திலும் எழுதியிருக்காது, அவை தானாக வரும்.

அவள் எங்கே தொடங்கலாம்? நேராகக் காலை நிகழ்ச்சி யாரும் தரமாட்டார்கள். வார இறுதி, நள்ளிரவு, பிறகு மதியம், அதற்கப்புறம்தான் காலை. பல காலைத் தொகுப்பாளர்கள் ஆணும் பெண்ணுமாக ஜோடியாக வருவார்கள், பெண்ணுக்கு வெகுகாலம் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கும் வேலைதான் கிடைத்தது. இப்போது மாறியிருக்கிறது, ஆனாலும் யார் பிரேக்கை நடத்துவது, சம்பளம் இருவருக்கும் ஒன்றா என்பதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். சிகாகோவின் மூடி பைபிள் இன்ஸ்டிட்யூட் 1926 முதல் டபிள்யூஎம்பிஐ என்ற சொந்த நிலையத்தை நடத்துகிறது. அந்த மாதிரி இடங்களில் பயிற்சியாளராகச் சேர முடிந்தால் நல்லது. இல்லாவிட்டால் அவள் ஊரில் 88க்கும் 92க்கும் நடுவே இருக்கும் நிலையங்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றும் மணிக்கு ஒருமுறை கட்டாயம் சொல்லும் அழைப்புப் பெயரையும் ஊர்ப் பெயரையும் கேட்டு, எது உண்மையிலேயே உள்ளூரில் இருந்து பேசுகிறது என்று கண்டுபிடிக்கட்டும். அங்கே போய் ஷேரத்தானுக்குத் தொலைபேசி எடுக்க ஆள் வேண்டுமா என்று கேட்டால் பெரும்பாலும் வேண்டும் என்பார்கள்.

அதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. கைப்பேசியில் நாற்பது விநாடி பேசிப் பதிவு செய்யச் சொல்லுங்கள், அன்றைக்கு வீட்டில் நடந்த ஏதாவது ஒன்று. மறுநாள் இன்னொன்று, அதற்கு மறுநாள் இன்னொன்று. இருபதாவது நாளில் சொல்ல என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்க்கட்டும். பிறகு அந்த இருபதையும் அக்காவிடம் போட்டுக் காட்டி, இதில் எதையெல்லாம் ஊருக்குச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று இருவரும் உட்கார்ந்து பேசட்டும்.